பட்டியலில் இல்லாத பெயர்

அல்ஜீரியாவில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவள் என்று தெரிந்தால், கொழும்பு வெள்ளவத்தையில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அப்ப அரபு நல்லாக் கதைப்பீங்கள் என்ன?"

இல்லை என்பேன். நான் இருந்த மலை ஊரில் வீட்டுக்குள் யாரும் அரபு பேசுவதில்லை, அவர்கள் கபைல் மக்கள், அவர்களுடைய மொழி வேறு, அரபு அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே அந்த மலைகளில் பேசப்பட்ட மொழி என்று விளக்குவேன். கேட்டவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "ஓம் ஓம், எல்லாம் அரபுக்காரர்தானே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்தான் லண்டனில் மகளைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு டாக்சிக்காரர் "ஸ்ரீலங்காவா, அப்போ சிங்களம் பேசுவீர்களா?" என்று கேட்டுவிட்டதற்காக ஊர் திரும்பியும் ஒரு கிழமை பொருமிக்கொண்டிருந்தவர்.

நான் கட்டிட அளவையாளர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் வளர்ந்தவள். மலை ஊர்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று என்னை அங்கே அனுப்பியது. ஊர் ஒரு மலை முதுகில் நீளவாக்கில் கிடந்தது. ஒரே தெரு. சிவப்பு ஓட்டுப் பழைய வீடுகள், அவற்றுக்கு நடுவே பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் கட்டும் கொங்கிரீட் வீடுகள். அடுத்த மாடிக்கென்று கூரையில் விட்ட இரும்புக் கம்பிகள் மழையில் துருப்பிடித்து நின்றன. கீழே சரிவு முழுக்க ஒலிவ் மரங்களும் அத்தி மரங்களும். மாரியில் முழங்கால் வரை பனி.

அந்த ஊரைச் சொர்க்கம் என்று எழுத நான் வரவில்லை. தெருவில் ஏழெட்டுக் கோப்பிக் கடைகள் இருந்தன. இரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் அவற்றில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்றாலே உள்ளே இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஊர் எல்லையில் இருந்த பெயர்ப்பலகையில் மூன்று வகை எழுத்து: அரபு, பிரெஞ்சு, அவர்களுடைய சொந்த எழுத்து. அரபு வரியின்மேல் யாரோ கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். முதல்நாள் அதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அடுத்த நிமிடமே அதற்காக வெட்கப்பட்டேன். எங்கள் நாட்டில் தார் பூசப்பட்டது தமிழ் எழுத்தின்மேல். அதை என் அப்பா கண்ணால் கண்டவர்.

நான் மேல்மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரம்மா, அவருடைய மகள், மருமகன். மருமகன் எங்கள் கம்பனியில் சாரதி, அவர்தான் அறையைப் பிடித்துத் தந்தவர். வீட்டுக்காரம்மா விதவை. ஊர் ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் போகும் இளைஞர்களில் பாதிப் பேர் அவருடைய கையில் விழுந்தவர்கள். என்னை "யெல்லி" என்று கூப்பிடுவார், மகள் என்று பொருள். அவருடைய மகள் அவரை "யெம்மா" என்று கூப்பிட்டதை முதல் தடவை கேட்டபோது, வெள்ளவத்தையிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்து மாடிப்படியில் ஓடி இறங்கினேன்.

நாங்கள் பேசிக்கொண்டது பிரெஞ்சில். என்னுடையது அரைகுறை, அவருடையது அழகானது. அவர்கள் தங்களுக்குள் பேசும் கபைலும் இரண்டாவது வருடத்தில் எனக்கு ஓரளவு விளங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் இப்போது நினைக்கும்போது அவர்கள் பேசியதெல்லாம் எங்கள் வீட்டுத் தமிழில்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் போன இரண்டாவது மாரியில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு இருந்தது. கட்டில் இருந்தது, விளக்கு இருந்தது, சுவரில் புதுப் பூச்சு இருந்தது. டொக்டர் இல்லை. மூன்று வருடமாக இல்லை. பனி கொட்டும் காலையில், வலி எடுத்த பெண்ணை அம்புலன்சில் ஏற்றி, இரண்டரை மணி நேரம் வளைந்து வளைந்து சமவெளியில் இருக்கும் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரம் பிள்ளைகளைக் கையில் எடுத்த மருத்துவிச்சி, தன் மகளின் பிள்ளை தெருவில் பிறந்துவிடுமோ என்று அம்புலன்சுக்குள் முழங்காலில் உட்கார்ந்து போனார். பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது.

அந்த நாட்டில் பிள்ளை பிறந்த இடத்து நகரசபையில், ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும். மருமகன் மூன்றாம் நாள் போனார். பின்னேரம் வெறுங்கையோடு வந்தார்.

"எடுக்கமாட்டாங்களாம்."

"எதை?" என்றார் வீட்டுக்காரம்மா.

"பேரை. அரசாங்கத்தின்ர பேர்ப் பட்டியல்ல இல்லையாம்."

அவர்கள் தெரிந்தெடுத்திருந்தது அந்த மலைகளில் பெண்களுக்கு வைக்கும் பழைய பெயர் ஒன்று. அதை இங்கே எழுதமாட்டேன், அது அந்தப் பிள்ளையுடையது. நிலவொளி என்று பொருள். யாரையும் வையாத, எந்தக் கட்சியிலும் சேராத ஒரு பெயர். அந்த மொழியும் அரசகரும மொழிதான் என்று நாட்டின் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். எங்களுடைய சட்டப் புத்தகத்திலும் தமிழைப் பற்றி அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதுவதற்கு யாருக்கும் கஷ்டமில்லை.

அடுத்தநாள் பனியால் எங்கள் வேலைத்தளம் மூடியிருந்தது. வீட்டுக்காரம்மா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு என் கதவைத் தட்டினார்.

"வா யெல்லி. வெளிநாட்டுக்காரி ஒருத்தி பக்கத்தில நிண்டா கொஞ்சம் மரியாதையாக் கதைப்பாங்கள்."

மருமகன் எங்களை நகரசபை வாசலில் இறக்கிவிட்டு, மனைவியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். கவுண்டரில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு எழுதுவினைஞன், கத்தரித்த தாடி, கண்ணாடி. வீட்டுக்காரம்மா கபைல் மொழியில் பேசினார். அவன் அரபில் பதில் சொன்னான். அவர் பிரெஞ்சுக்கு மாறினார். அவன் மறுபடியும் அரபில் சொன்னான், கண்ணைக் கூட உயர்த்தவில்லை. எனக்கு அரபு தெரியாது, ஆனால் அந்த முகத்தைத் தெரியும். கொழும்பில் எத்தனையோ கவுண்டரில் பார்த்த முகம். நீ சொல்வது எனக்கு விளங்குகிறது, ஆனால் விளங்கியதாகக் காட்டமாட்டேன் என்கிற முகம்.

அப்போது அவனுடைய தொலைபேசி அடித்தது. எடுத்து, கதிரையைச் சற்றுத் திருப்பி, குரலைத் தாழ்த்திப் பேசினான். முதல் சொல்லே எனக்குக் கேட்டது: "யெம்மா."

வீட்டுக்காரம்மாவுக்கும் கேட்டது. அவன் தொலைபேசியை வைக்கும் வரை காத்திருந்தார். பிறகு கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"யாரோட கதைச்சனீர்?"

"அம்மாவோட." அவனையறியாமல் கபைலிலேயே சொல்லிவிட்டான்.

"மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்ன? பேச்சில தெரியுது. உம்மைப் பெத்தநேரம் உம்மட அம்மா எந்த மொழியில கத்தினவ?"

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அவனுடைய காது சிவந்தது. அதற்குப் பிறகு அவன் அரபு பேசவில்லை.

"மடம், நான் என்ன செய்யிறது? கொம்பியூட்டர் எடுக்காது." திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். "இந்தப் பட்டியல்ல இருந்து ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ. வடிவான பேர் எவ்வளவோ இருக்கு."

"இது என்ர மூத்த அக்காவின்ர பேர். பிரெஞ்சுக்காரனோட சண்டை நடந்தநேரம் மலையில இருந்த பெடியளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ச் சூடு பட்டுச் செத்தவ. அவவின்ர கல்லறையில இந்தப் பேர்தான் இருக்கு. அந்தக் கல்லை வைச்சது ஆர் தெரியுமோ? அரசாங்கம்."

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"செத்தவளுக்குக் குடுத்த பேரைப் பிறந்தவளுக்குக் குடுக்கேலாதோ?"

அவன் ஒரு கடதாசியை எடுத்து ஏதோ எழுதி முத்திரை குத்தினான். நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பதுதான் அதன் பொருள் என்றான். அந்தக் கடதாசி முழுக்க அரபில் இருந்தது. வீட்டுக்காரம்மாவால் அதை வாசிக்க முடியவில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தார்.

மருமகனின் காரில் திரும்பும்போது அந்தக் கடதாசியைப் பற்றியே நான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் பனியை வாரும் இயந்திரத்துக்காகக் கார் நின்றது. அப்போது என் அம்மாவின் கதையைச் சொன்னேன். சில வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், மோட்டார் சைக்கிளில் வந்தவன் அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். பொலிஸ் நிலையத்தில் அம்மா தமிழில் அழுது அழுது சொன்னதை அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவு என்றார்கள். அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்குப் பேசத் தெரியும், வாசிப்பதென்றால் எழுத்துக்கூட்டித்தான். சில வாரத்துக்குப் பிறகு ஒருவன் களவெடுத்த சங்கிலிகளோடு பிடிபட்டான் என்று கேள்விப்பட்டுப் போனோம். உங்களுடையது களவு முறைப்பாடே இல்லை என்றார்கள். நடந்து போகும்போது சங்கிலி தவறி விழுந்து தொலைந்துவிட்டது என்று அதில் இருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்து.

வீட்டுக்காரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "அண்டைக்கு நீயும் பக்கத்தில நிண்டனியோ?"

"ஓம்."

"என்ன செய்தனி?"

"நேரம் போகுது, கையெழுத்தைப் போடுங்கோ எண்டு சொன்னனான்."

பரிதாபப்பட்டு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப அது உன்ர பிழையும்தான்" என்றார். மருமகன் கார்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எனக்கு வீட்டுக்காரம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நான் ஒரு அந்நிய நாட்டுக்காரி, விடுமுறை நாளில் இவருக்காகக் குளிரில் வந்து நின்றவள், என்னிடமே இப்படியா? இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான், அவர் சொன்னது சரி என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டேன். அம்மாவை ஏமாற்றியது அந்தப் பொலிஸ்காரர் என்று வருடக்கணக்காக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவள் நான். அவசரப்படுத்தியது யார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஐந்து நாள் கடந்தது. பிள்ளை சட்டப்படி இல்லாத பிள்ளையானது. ஊர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அட்டையில் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விடச் சொன்னார்கள். வீட்டுக்காரம்மாவோடு முன்பு வேலை செய்த தாதி, பென்சிலால் பெயரை எழுதிக் கொடுத்தார். தேவையென்றால் அழித்துவிடலாம் அல்லவா. நீதிமன்றத்துக்கு நாலு தடவை போனார்கள். ஒருநாள் கோப்பு வரவில்லை, ஒருநாள் நீதிபதி வரவில்லை, ஒருநாள் மொழிபெயர்ப்பு இல்லை, ஒருநாள் காரணமே சொல்லவில்லை.

மருமகன் களைத்துப்போனார். ஒவ்வொரு பயணத்துக்கும் கம்பனியில் கெஞ்சி லீவு எடுப்பவர் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் ஒரே பெரிய தட்டில் கூஸ்கூஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு பேர் வைப்பம். பேப்பருக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு. இந்த ஊரில எத்தினை பேர் அப்பிடி இருக்கினம்?"

வீட்டுக்காரம்மா வாயைத் திறந்தார். ஆனால் பேசியது மகள். அவர் அதிகம் பேசாத பெண். அந்த வீட்டில் நான் இருந்த காலம் முழுக்க அவர் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"பேப்பருக்கு ஒரு பிள்ளையும் வீட்டுக்கு ஒரு பிள்ளையும் எண்டு நான் ரெண்டு பெறேல்லை."

மருமகன் கரண்டியை எடுத்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஐந்தாவது தடவைக்கு ஊரே இறங்கியது. அந்த ஊரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் காசு வாங்காமல் ஆஜராக ஒத்துக்கொண்டார். காலையில் நான் கீழே வந்தபோது வாசலில் ஒரு வான் நின்றது. உள்ளே பெண்கள், மஞ்சளும் சிவப்புமாய்ப் பட்டி வைத்துத் தைத்த அவர்களுடைய நல்ல சட்டைகளைப் போட்டுக்கொண்டு. ஒருவர் அவித்த முட்டையும் ரொட்டியும் எல்லோருக்கும் கட்டி எடுத்திருந்தார். நானும் லீவு போட்டு ஏறிக்கொண்டேன். நீதிமன்ற வாசலில் நின்ற பொலிஸ்காரர் இத்தனை பேர் எதற்கு என்று கேட்டார்.

"பிள்ளைக்குப் பேர் வைக்க வந்தனாங்கள்" என்றார் முட்டை கொண்டுவந்தவர். "சாப்பிடுறீரோ?"

உள்ளே வழக்கறிஞர் ஒரு படத்தை மேசையில் வைத்தார். அந்தக் கல்லறையின் படம். அரசாங்க முத்திரையும், கீழே அந்தப் பெயரும். நீதிபதி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். மறுபக்கத்தில் நின்ற அரசாங்க வழக்கறிஞர் பட்டியல் என்று ஆரம்பித்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கினார்.

பத்து நிமிடம். அவ்வளவுதான் எடுத்தது. பத்து நிமிட வேலைக்கு ஒரு குடும்பத்தை ஐந்து மாதம் மலையிலிருந்து ஏற்றி இறக்கினார்கள். அன்றே நகரசபைக்குப் போனோம். அதே எழுதுவினைஞன் பெயரைத் தட்டினான். கணினி எடுத்தது. சத்தம் போடவில்லை, நின்றுபோகவில்லை. வானில் பெண்கள் ஊர் வரைக்கும் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் பாடவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுக்காரம்மாவும் பாடவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

சில மாதங்களில் என் ஒப்பந்தம் முடிந்தது. கொழும்புக்குத் திரும்பி ஒரு வருடத்தில் அம்மா போய்விட்டார். எல்லாம் முடிந்து மரணத்தைப் பதிவதற்கு நான் அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் இனிமையானவள். சிரித்த முகத்தோடு சிங்களப் படிவத்தை நீட்டினாள். தமிழில் வேண்டும் என்றேன்.

"தெமள போம் இவரய் மிஸ்." தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். பிறகு அரைத் தமிழில் சமாதானம் சொன்னாள். "சிங்களத்தில எடுங்க மிஸ், பிறகு ட்ரான்ஸ்லேட் பண்ணலாம்தானே. செத்தவங்களுக்கு என்ன வித்தியாசம்?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "அவ எங்கட அம்மா. அவவுக்கு வாசிக்கத் தெரிஞ்சது தமிழ் மட்டும்தான். படிவம் வரும்வரைக்கும் நான் இருக்கிறன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு பெண். மட்டக்குளித் தொடர்மாடியில் இருப்பவர், ஊர் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், ஹோட்டல் ஒன்றில் துப்புரவு வேலை. புருஷன் இறந்து நாலு நாள். வெளியில் யாரோ சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்த படிவம் கையில் இருந்தது.

"இதுல என்னா எழுதிருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா" என்றார். "தமிழ்ல கேட்டா குடுப்பாங்களா?"

"குடுக்கோணும்."

"ஏசுவாங்களே?"

"ஏசட்டும். நான் இருக்கிறன்தானே."

ஒன்பதரைக்கு உட்கார்ந்தோம். கவுண்டர்ப் பெண் எங்களைப் பார்த்தாள், போனாள், வந்தாள். யாரோ ஒருவர் எங்களிடம் நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கும் இதே படிவம்தானே வேண்டும் என்றேன். பன்னிரண்டேகாலுக்கு மேலதிகாரி ஒருவர் எரிச்சலோடு வந்து, சுவரோரத்து அலுமாரியைத் திறக்கச் சொன்னார். கீழ்த் தட்டில் ஒரு கட்டு. தமிழ்ப் படிவங்கள். அச்சகத்தில் கட்டிய நூல் அப்படியே இருந்தது. மேலே விரல் தடிப்புக்குத் தூசி. கவுண்டர்ப் பெண் நூலைப் பிளேட்டால் அறுக்க வேண்டியிருந்தது.

முடிந்துபோகவில்லை. ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

"ரெண்டு தாங்கோ" என்றேன்.

அந்தப் பெண் தன்னுடையதை வாங்கி, முதல் வரியை எழுத்துக்கூட்டி மெல்ல வாசித்தார். என் பேனாவை இரவல் கேட்டார். புருஷனின் பெயரை எழுத அவருக்கு நேரம் எடுத்தது. இரண்டு தடவை நிறுத்தி, முகத்தைத் துடைத்துவிட்டு எழுதினார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று கவுண்டருக்குப் பின்னால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். நான் அவரை அவசரப்படுத்தவில்லை.